கர்சன் பிரபுவின் ஒன்பது பட்டங்கள்: எது யாருக்குப் போனது, எது அழிந்தது? (கேள்வி–பதில்)

பிரிட்டிஷ் பிரபுப் பட்டம் அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும், மகன் இல்லையென்றால் கதை முடிந்தது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அது பாதிதான் சரி. மீதியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்டால் போதும். 1905-ல் வங்காளத்தை இரண்டாக வெட்டிய வைஸ்ராய் ஜார்ஜ் நத்தானியல் கர்சன். 1925 மார்ச் 20 அன்று அவர் இறந்தபோது அவரிடம் ஒன்பது பரம்பரைப் பட்டங்கள் இருந்தன. மகள்கள் மூன்று பேர், மகன் இல்லை. அன்றைக்கே நான்கு பட்டங்கள் அழிந்தன, நான்கு தம்பி மகனிடம் போயின, ஒன்று மூத்த மகளுக்கு வந்தது. ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்காக எழுதியது இது.

லார்ட், ஏர்ல், மார்க்விஸ் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. மேலிருந்து கீழாக ஐந்து படி: டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைக்கவுண்ட், பாரன். டியூக்கைத் தவிர மற்ற நால்வரையும் பேச்சில் ‘லார்ட்’ என்றுவிடலாம். இவர்களுக்குக் கீழே ‘பாரனெட்’ என்று ஒன்று உண்டு. அதுவும் பரம்பரைப் பட்டம்தான், ஆனால் பிரபு வரிசையில் சேராது; ‘சர்’ என்று அழைப்பார்கள். கடைசிப் படியைப் ‘பேரன்’ என்று எழுதுபவர்களும் உண்டு. வாரிசைப் பற்றிய கட்டுரையில் அப்படி எழுதினால் வாசிப்பவர் பாடு திண்டாட்டம்தான், அதனால் ‘பாரன்’ என்றே வைத்துக்கொள்கிறேன்.

பட்டம் எப்படிப் பிறக்கிறது?

அரசர் பெயரில், பெரிய முத்திரை இட்ட ஒரு பட்டயம் தருவார்கள். ‘லெட்டர்ஸ் பேட்டண்ட்’ என்பது அதன் பெயர். பிரதமர் பரிந்துரைப்பார், அரசர் வழங்குவார். பட்டயத்தில் யாருக்கு, என்ன பெயர், என்ன படி என்பதோடு இன்னொரு வரியும் இருக்கும்: இவருக்குப் பின் யாருக்கு. இந்தப் பக்கம் முழுக்க அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

வழக்கமான வாசகம் ‘அவர் உடலிலிருந்து முறைப்படி பிறந்த ஆண் வாரிசுகள்’. அதாவது மகன், மகனுடைய மகன் என்று ஆண் வழியிலேயே போக வேண்டும். மகளுக்கு இல்லை, மகள் வயிற்றுப் பேரனுக்கும் இல்லை. அண்ணன் தம்பி, பங்காளிகளுக்கும் நேரடியாகக் கிடையாது. முதல் தலைமுறை தாண்டிய பட்டமாக இருந்தால் மட்டும், முதல் பட்டக்காரரின் ஆண் வழியில் வந்த பங்காளி என்ற முறையில் உரிமை கோரலாம்.

‘முறைப்படி பிறந்த’ என்பதும் சும்மா ஒட்டிய அலங்காரம் அல்ல. திப்பு வீழ்ந்த காலத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்தாரே வெல்லஸ்லி, அவருக்குப் பிள்ளைகள் ஐந்து பேர். எல்லோரும் அவர்களுடைய தாயை அவர் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்பே பிறந்துவிட்டார்கள். அதனால் 1842-ல் அவரோடு அவருடைய மார்க்விஸ் பட்டமும் போயிற்று. வீட்டில் ஆண் பிள்ளைகள் இருந்தும், பட்டயத்தின் கண்ணில் அவர் பிள்ளையில்லாதவர்.

கர்சனின் முதல் பட்டம் அயர்லாந்துப் பட்டமாமே? அவருக்கும் அயர்லாந்துக்கும் என்ன சம்பந்தம்?

ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1898-ல் வைஸ்ராயாக நியமனம் ஆனபோது அவருக்கு 39 வயது, சவுத்போர்ட் தொகுதி எம்.பி. வைஸ்ராய்க்கு ஒரு பிரபுப் பட்டம் இருந்தால்தான் எடுப்பு. ஆனால் பிரிட்டிஷ் பட்டம் வாங்கினால் நேரே பிரபுக்கள் சபை. மக்கள் சபைக் கதவு ஆயுளுக்கும் மூடிவிடும். இந்தியாவிலிருந்து திரும்பி மறுபடி தேர்தலில் நின்று பிரதமர் ஆக வேண்டும் என்பது அவர் கணக்கு.

அதற்குச் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. 1801-ல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைந்தபோது, அயர்லாந்துப் பிரபுக்கள் எல்லோருக்கும் லண்டன் சபையில் இடம் தரவில்லை. தங்களுக்குள் 28 பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிக்கொள்ளலாம். மற்றவர்கள் இங்கிலாந்துத் தொகுதியில் நின்று எம்.பி. ஆகலாம். பிரபுவும் ஆயிற்று, கதவும் மூடாது. இப்படித்தான் அவர் ‘கெடில்ஸ்டன் பாரன் கர்சன்’ ஆனார். அயர்லாந்து வரிசையில் புதிதாகப் படைக்கப்பட்ட கடைசிப் பட்டம் அதுதான். அதற்குப் பின் எவருக்கும் தரவில்லை.

சந்தைத் தேடி வைத்தவர் அதில் நுழையவே இல்லை. இந்தியப் படைத் தலைமைத் தளபதி கிச்னருடன் மோதி 1905-ல் பதவி விலகித் திரும்பியவர் தேர்தலில் நிற்கவில்லை. 1908-ல் அந்த 28 பேரில் ஒருவராகவே பிரபுக்கள் சபைக்குப் போனார். எந்தச் சபையைத் தவிர்க்க அந்தப் பட்டத்தை வாங்கினாரோ, அதே சபைக்கு அதே பட்டம் கொண்டுபோய் விட்டது.

1911-ல் ஒரே மூச்சில் மூன்று பட்டங்கள் எதற்கு?

மூன்றிலும் ‘இவருக்குப் பின் யாருக்கு’ என்ற வரி வேறு வேறு. அவரது நிலைமையைப் பாருங்கள். மனைவி மேரி, சிகாகோ கோடீஸ்வரர் லைட்டரின் மகள், 1906-லேயே இறந்துவிட்டார். மூன்று மகள்கள்: ஐரீன், சிந்தியா, அலெக்ஸாண்ட்ரா. கடைக்குட்டியின் நடுப்பெயர் நால்தெரா, சிம்லா பக்கத்தில் உள்ள ஊரின் பெயர். அப்பா கிழவர், ஆனால் உயிரோடு இருந்தார். தம்பிகளும் இருந்தார்கள்.

முதலாவது, ஏர்ல் கர்சன். வழக்கமான வாசகம்: சொந்த மகன்களுக்கு மட்டும். இனி பிறந்தால் உண்டு.

இரண்டாவது, வைக்கவுண்ட் ஸ்கார்ஸ்டேல். சொந்த மகன் இல்லாவிட்டால் அப்பாவுக்கும், அப்பாவின் ஆண் வழிக்கும், அதாவது தம்பிகளுக்கும் அவர்கள் மகன்களுக்கும்.

மூன்றாவது, பாரன் ரேவன்ஸ்டேல். ஆண் வாரிசு இல்லாவிட்டால் மகள்களுக்கு, மூத்தவர் முதலாக. ஒவ்வொரு மகளுக்குப் பின்னும் அவளுடைய ஆண் வாரிசுகளுக்கு.

ஒன்றில் ஆசை, ஒன்றில் குலம், ஒன்றில் பெண் பிள்ளைகள். எல்லோருக்கும் இப்படிக் கிடைத்துவிடாது. இந்த மாதிரிச் சிறப்பு வாசகம் பட்டயத்திலேயே, படைக்கும் நேரத்திலேயே எழுதப்பட வேண்டும். பின்னால் லேசில் சேர்க்க முடியாது.

பரம்பரையாக அவருக்கு வந்தவை?

1916-ல் அப்பா இறந்ததும் மூன்று வந்தன: 1761-ல் உண்டான பாரன் ஸ்கார்ஸ்டேல் பட்டம், இரண்டு பாரனெட் பட்டங்கள் (1636, 1641). கூடவே டார்பிஷயரில் உள்ள கெடில்ஸ்டன் மாளிகையும். கல்கத்தாவில் வெல்லஸ்லி கட்டிய அரசு மாளிகை இதைப் பார்த்துத்தான் கட்டப்பட்டது. தன் வீட்டின் நகலில் ஏழு வருஷம் வைஸ்ராயாக இருந்துவிட்டு வந்தவருக்கு அசல் வீடு 57 வயதில்தான் கைக்கு வந்தது. குடும்பத்தின் முதுமொழி, ‘கர்சன் பிடித்ததைக் கர்சனே பிடித்திருக்கட்டும்’.

மகனுக்காக அவர் ஒன்றும் முயற்சி செய்யவில்லையா?

1917-ல் கிரேஸ் டகன் என்ற விதவையை மறுமணம் செய்தார். அந்த அம்மாளுக்கு முதல் கல்யாணத்தில் பிள்ளைகள் இருந்தார்கள். தனக்கும் ஒரு வாரிசு வரும் என்று கர்சன் நம்பினார். வரவில்லை. 1921-ல் மார்க்விஸாக உயர்த்தினார்கள், கூட ‘கெடில்ஸ்டன் ஏர்ல்’ என்று இன்னொரு பட்டம். இரண்டிலும் மகன்களுக்கு மட்டும் என்ற பழைய வாசகம்தான். அப்போது அவருக்கு 62 வயது.

பட்டத்தால்தான் பிரதமர் பதவி போயிற்று என்கிறார்களே?

அது மட்டுமே காரணம் இல்லை. கர்சனோடு வேலை பார்த்தவர்கள் பலருக்கு அவர் தலைக்கனம் பிடிக்காது. ஆனால் வாய்விட்டுச் சொல்லத் தோதான காரணமாக அமைந்தது பட்டம்தான்.

1923 மே மாதம் பிரதமர் போனர் லா உடல்நலக் குறைவால் பதவி விலகினார். வெளியுறவு அமைச்சர் கர்சன் அப்போது விடுமுறைக்கு சாமர்செட்டில் மான்டக்யூட் மாளிகையில் இருந்தார். அங்கே தொலைபேசி கிடையாது. ‘லண்டனுக்கு வரவும்’ என்று அரசரின் செயலர் ஸ்டாம்ஃபோர்டாம் பிரபுவிடமிருந்து தந்தி வந்தது. வேறு எதற்குக் கூப்பிடுவார்கள்? ரயிலில் வரும்போதே பிரதமர் ஆகிவிட்ட மனத்தோடுதான் வந்தார். கார்ல்டன் ஹவுஸ் டெரஸ் வீட்டுக்கு ஸ்டாம்ஃபோர்டாம் நேரில் வந்து சொன்ன சேதி வேறு: எதிர்க்கட்சியான லேபருக்குப் பிரபுக்கள் சபையில் ஆளே இல்லை போல இருக்க, பிரதமர் மக்கள் சபையில் இருப்பதுதான் பொருத்தம் என்று அரசர் கருதுகிறார், மக்கள் சபையில் உள்ள பால்ட்வினை அழைத்தாயிற்று.

பட்டத்தை உதறிவிட்டு மக்கள் சபைக்கு வர அன்றைக்கு வழியில்லை. அதற்கான சட்டம் 1963-ல்தான் வந்தது. அதே ஆண்டு பிரதமரான அலெக் டக்ளஸ்-ஹோம் சில நாளிலேயே தன் ஏர்ல் பட்டத்தைத் துறந்தார். கர்சனுக்கு நாற்பது வருஷம் தாமதம்.

சேதி சொல்ல வந்த ஸ்டாம்ஃபோர்டாமின் ஒரே மகன் 1915-ல் போரில் இறந்துவிட்டார். அவரது பாரன் பட்டமும் 1931-ல் அவரோடு போயிற்று.

சரி, 1925-ல் என்னதான் நடந்தது?

மார்க்விஸ், இரண்டு ஏர்ல் பட்டங்கள், அயர்லாந்துப் பாரன்: நான்கும் அன்றே அழிந்தன. வைக்கவுண்ட் ஸ்கார்ஸ்டேல், பாரன் ஸ்கார்ஸ்டேல், இரண்டு பாரனெட்: நான்கும் தம்பி மகன் ரிச்சர்டுக்கு. தம்பி முன்பே இறந்துவிட்டிருந்தார். ரேவன்ஸ்டேல், 29 வயது ஐரீனுக்கு.

இதில் உயிலுக்கு வேலையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டாட்டர்ஷால், போடியம் என்ற இரண்டு கோட்டைகளை அவர் காசு போட்டு வாங்கிச் செப்பனிட்டு, நாட்டுக்கென்று எழுதிவைத்தார். சொத்து அப்படி எழுதலாம், பட்டம் எழுத முடியாது. அம்மா வழி அமெரிக்கப் பணம் யாருக்கு என்பதில் மகள்களோடு அவருக்குப் பெரிய தகராறு இருந்தது. கோபத்தில் ஐரீனின் பட்டத்தை நிறுத்திவிடலாம் என்று நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது. நம் ஊரில் ‘உனக்குச் சல்லிக்காசு கிடையாது’ என்று அப்பா கத்துவாரே, அந்தப் பேச்சுக்கு இங்கே இடமில்லை.

ஐரீன் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்தாரா?

உடனே இல்லை. பட்டம் உண்டு, நாற்காலி கிடையாது. அவருக்கு முன்பே ரோண்டா சீமாட்டி ஒருவர் இதற்காகப் போராடியிருந்தார். தந்தையின் வைக்கவுண்ட் பட்டம் சிறப்பு வாசகத்தால் அவருக்கு வந்தது. 1922-ல் சபையில் இடம் கேட்டார். சபையின் குழு முதலில் சரி என்றது. பிறகு குழுவைப் பெரிதாக்கி இன்னொரு முறை உட்கார்ந்து, முடியாது என்றது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

1958-ல் ஆயுட்காலப் பட்டச் சட்டம் வந்து பெண்களுக்கு வழி திறந்தது. முதன்முதலில் நியமனமான நான்கு பெண்களில் ஐரீன் ஒருவர். அப்பா வாங்கித் தந்த பரம்பரைப் பட்டத்தால் நுழைய முடியாமல், தனக்கென்று ஒரு பட்டம் வாங்கி நுழைந்தார். ரோண்டா சீமாட்டி அதே ஆண்டு ஜூலையில் இறந்துபோனார். பரம்பரைப் பட்டம் உள்ள பெண்களுக்கு நேரடி இடம் கிடைத்தது 1963-ல்.

இப்போது ரேவன்ஸ்டேல் பட்டம் யாரிடம்?

ஐரீன் மணமாகாமல் 1966-ல் இறந்தார். அடுத்த முறை சிந்தியாவுக்கு. அவர் 1933-லேயே இறந்துவிட்டதால் அவர் மகன் நிக்கோலஸ் மோஸ்லிக்கு வந்தது. பிரிட்டிஷ் பாசிசக் கட்சித் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லியின் மகன், நாவலாசிரியர், அப்பாவின் அரசியலிலிருந்து விலகி நின்றவர். 2017-ல் அவர் இறந்தபோது மூத்த மகன் முன்பே காலமாகியிருந்தார். அந்த மகனின் மகன் டேனியலுக்குப் பட்டம் போனது.

பேரன் பட்டம் பேரனுக்கே போயிற்று. (இதற்காகத்தான் மேலே எழுத்துக்கூட்டலைப் பத்திரமாக வைத்தேன்.)

மகன் இல்லையென்றால் சுவீகாரம் எடுத்துக்கொள்ளலாமே?

கூடாது. தத்துப்பிள்ளைக்குப் பரம்பரைப் பட்டம் போகாது. இதை எழுதும்போது டல்ஹௌசி ஞாபகம் வராமல் இருக்குமா? ஜான்சியில் தத்துப்பிள்ளையை ஏற்க மாட்டேன் என்று நாட்டையே எடுத்துக்கொண்டவர். 1855-ல் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தார். மகள்கள் இருந்தார்கள், செல்லாது என்று பட்டமே ஒழிந்தது. அதே வருஷம் சேப்பாக்கத்தில் கர்நாடக நவாப் பட்டத்துக்கும் அதே கதி.

டல்ஹௌசிக்கும் இரண்டு மகள்கள்தான். 1860-ல் அவர் இறந்ததும் அவருடைய மார்க்விஸ் பட்டம் காலாவதி. பழைய ஏர்ல் பட்டம் மட்டும் ஒரு பங்காளிக்குப் போனது. தான் தஞ்சாவூருக்குச் செய்ததைத் தன் வீட்டுப் பட்டயம் தனக்குச் செய்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் வீட்டில் விதி முதலிலேயே எழுதியிருந்தது. தஞ்சாவூரில் வந்த இடத்தில் எழுதினார்கள்.

கல்யாணமே ஆகாத கிச்னருக்கு வாரிசு இருந்ததாமே?

ஆமாம். கர்சனின் அந்தப் பழைய எதிரி 1914-ல் ஏர்ல் ஆனபோது, பட்டயத்தில் அண்ணனுக்கும் இடம் வைத்திருந்தார்கள். 1916-ல் கப்பல் மூழ்கிக் கிச்னர் இறந்ததும் அண்ணன் ஏர்ல் ஆனார். அந்தப் பட்டம் 2011 வரை ஓடியது. கர்சனின் ஏர்ல் பட்டத்துக்கு ஆயுள் 14 வருஷம்.

இந்தியர் யாருக்காவது இப்படிப் பரம்பரைப் பட்டம் கிடைத்ததா?

ஒருவருக்கு மட்டும். வங்காளத்தின் சத்யேந்திர பிரசன்ன சின்ஹா, 1919-ல், ராய்ப்பூர் பாரன் சின்ஹா. 1928-ல் அவர் இறந்தபின் மகன் அருண்குமாருக்குச் சிக்கல் வந்தது. இந்துச் சட்டப்படி நடந்த கல்யாணத்தில் ஒருவன் இன்னொரு மனைவியும் கட்டலாமே, அப்படியிருக்க இந்தப் பிள்ளை ‘முறைப்படி பிறந்த’ வாரிசாகுமா என்ற கேள்வி. பெற்றோர் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்ததால் ஒருதாரம்தான் என்று ஏற்று, 1939-ல்தான் அவர் உரிமையை ஒப்புக்கொண்டார்கள். அப்பா பட்டத்துக்குப் பதினோரு வருஷக் காத்திருப்பு.

அழிந்த பட்டம் திரும்ப வருமா?

அதே பட்டம் வராது, அதே பெயரில் புதிதாகப் படைக்கலாம். டியூக் ஆஃப் சஸ்ஸெக்ஸ் 1843-ல் அழிந்து 2018-ல் இளவரசர் ஹாரிக்காகப் புதிதாகப் பிறந்தது. உறங்கும் பட்டங்கள் தனி ரகம். சில பழங்காலப் பட்டங்களில் மகன் இல்லாவிட்டால் மகள்கள் எல்லோருக்கும் சம உரிமை. சம உரிமை என்றால் யாருக்கும் இல்லை என்று பொருள். ஒரே ஒரு வழி மிஞ்சும்வரை, அல்லது அரசர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்வரை, பட்டம் அந்தரத்தில் நிற்கும். கோட்னரின் கிரே பாரன் பட்டம் அப்படி 1496 முதல் 1989 வரை நின்றது.

இணையத்தில் ‘லார்ட்’ பட்டம் விற்கிறார்களே, வாங்கலாமா?

ஸ்காட்லாந்தில் ஒரு சாண் நிலம், ஒரு சான்றிதழ். சுவரில் மாட்டிக்கொள்ளலாம், பிரபுப் பட்டம் ஆகாது. அசல் பட்டமே பிரதமர் லாயிட் ஜார்ஜ் காலத்தில் விலைக்குப் போனது வேறு கதை. அதன் நாற்றம் தாங்காமல் 1925-ல் தடைச்சட்டம் போட்டார்கள்.

சென்னையில் பெயர் நிற்கும் பிரபுக்களின் பட்டங்கள் இன்னும் இருக்கின்றனவா?

மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை 1913-ல் திறக்கப்பட்டது. ரிப்பன் மார்க்விஸ் பட்டம் அதன்பின் பத்தே வருஷம்தான். வேட்டைத் துப்பாக்கியில் பேர்போன இரண்டாவது மார்க்விஸ், 1923-ல் வேட்டைக்குப் போன இடத்திலேயே பிள்ளையில்லாமல் இறந்தார்.

எழும்பூர் கன்னிமாரா நூலகம் இன்னும் சுவாரசியம். சென்னை மாகாண ஆளுநர் ராபர்ட் பர்க், பதவியில் இருந்தபோதே 1887-ல் பாரன் கன்னிமாரா ஆனார். 1902-ல் மகன் இல்லாமல் இறந்தார். அந்தப் பட்டத்தை வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவருடன் சென்னைக்கு வந்து, 1890-ல் விவாகரத்து பெற்ற மனைவி சூசன், டல்ஹௌசியின் மூத்த மகள். மகனாகப் பிறந்திருந்தால் அந்த மார்க்விஸ் பட்டத்துக்கு உரியவர். நூலகப் பலகையில் இருப்பது ஆளின் பெயரும் அல்ல, பட்டத்தின் பெயர்: அயர்லாந்தின் மேற்கே உள்ள ஒரு கரடுமுரடான வட்டாரம் கன்னிமாரா. நம் வாயில் அது கன்னிமார் கோயிலுக்குப் பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டது.